மேப்பிள் சிரப்: மரத்துல துளை போடறதுல ஆரம்பிச்சு பாட்டில், கிரேடு, மாத்துப் பொருள் வரைக்கும் முழு வழிகாட்டி

மேப்பிள் சிரப்ல இருக்கறது ஒரே ஒரு பொருள்தான், மேப்பிள் மரத்தோட சாறு. அந்த சாறுல இருக்கற தண்ணிய கொதிக்க வெச்சு ஆவியா விட்டுட்டா மிச்சம் நிக்கறதுதான் சிரப். சக்கரை போடல, கலர் போடல, எசன்ஸ் போடல. சராசரியா 40 லிட்டர் சாறு காய்ச்சினா 1 லிட்டர் சிரப் கிடைக்கும். இந்த ஒரு கணக்க மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, ஏன் இவ்ளோ விலை, கிரேடுன்னா என்ன, போலி எப்படி வருது எல்லாமே இதுல இருந்துதான் புரியும்.

நான் கனடாவுல ஒன்டாரியோல இருக்கேன். நண்பர் ஒருத்தரோட நிலத்துல பின்னாடி மேப்பிள் மரங்கள் இருக்கு, ஏழு வருஷமா மார்ச் மாசம் வந்தா அங்கதான் வார இறுதி போகும். வீட்டு அளவுல பண்றவங்களுக்கு எது தெரிஞ்சா போதுமோ அத வரிசையா சொல்றேன், செய்ய மாட்டேன் வாங்க மட்டும்தான் போறேன்னா நேரா கிரேடு பகுதிக்கு போயிடுங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த வேலைய கண்டுபிடிச்சது ஐரோப்பாவுல இருந்து வந்தவங்க இல்ல. அனிஷினாபே, ஹோடனஷோனி, அபெனாகி மாதிரி இந்த மண்ணோட பூர்வகுடி மக்கள் எத்தனையோ தலைமுறையா சாறு எடுத்து காய்ச்சிட்டு இருந்தாங்க, பிரெஞ்சுக்காரங்க அவங்க கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டாங்க. பாட்டில் இல்லாத காலத்துல சிரப்பா வெச்சா கெட்டுப்போகும்ங்கறதால அவங்க பெரும்பாலும் இன்னும் காய்ச்சி கட்டி சக்கரையா ஆக்கி, பிர்ச் மரப்பட்டைல செஞ்ச பெட்டிகள்ல வருஷம் முழுக்க வெச்சுப்பாங்க. இன்னைக்கும் அனிஷினாபே குடும்பங்கள் வசந்தகால ஆரம்பத்துல சக்கரைத் தோப்புக்கு போறத விடாம செய்யறாங்க.

மரம் பாக்கறது

சுகர் மேப்பிள்தான் முதல் சாய்ஸ், அதோட சாறுல சுமாரா 2 சதவீதம் சக்கரை இருக்கும். ரெட் மேப்பிள், சில்வர் மேப்பிள்லயும் எடுக்கலாம், ஆனா சக்கரை கம்மி, அதனால விறகும் நேரமும் கூட ஆகும், மொட்டு விடறதும் சீக்கிரம். மரத்த அடையாளம் பாக்கற வேலைய இலை இருக்கும்போதே, அதாவது முந்தின வருஷம் செப்டம்பர் அக்டோபர்லயே முடிச்சு ரிப்பன் கட்டி வெச்சிடுங்க, ஏன்னா பிப்ரவரில எல்லா மரமும் மொட்டையா ஒரே மாதிரி நிக்கும். சுகர் மேப்பிள் இலைல அஞ்சு மடல், மடலுக்கு நடுவுல இருக்கற பள்ளம் வளைவா வழவழன்னு இருக்கும், ரெட் மேப்பிள்ல அது கூரா, ஓரமெல்லாம் ரம்பப்பல் மாதிரி இருக்கும். இலை போனதுக்கு அப்புறம் பாக்கணும்னா, மேப்பிள்ல கிளைகள் ஜோடி ஜோடியா எதிரெதிரா வரும், சுகர் மேப்பிளோட மொட்டு பழுப்பு நிறத்துல பென்சில் முனை மாதிரி கூரா இருக்கும்.

மரம் நெஞ்சு உயரத்துல குறைஞ்சது 25, 30 செ.மீ. குறுக்களவாவது இருக்கணும். அந்த பருமன் வரவே பொதுவா 40 வருஷம் கிட்ட ஆகும். 45 செ.மீ.க்கு மேல இருந்தா ரெண்டு துளை போடலாம், எவ்ளோ பெரிய மரமா இருந்தாலும் நான் ரெண்டோட நிறுத்திடுவேன், அதுக்கு மேல ஆசைப்பட வேண்டாம்னு நினைக்கறேன். பட்டை உரிஞ்சது, மேல் கிளை காஞ்சது, போன வருஷத் துளை இன்னும் மூடாதது, இதையெல்லாம் அந்த வருஷம் விட்டுடுங்க.

எப்போ துளை போடணும்

ராத்திரி பூஜ்யத்துக்கு கீழ போகணும், பகல்ல பூஜ்யத்துக்கு மேல, 4, 5 டிகிரி வரணும். இந்த ஏத்த இறக்கம்தான் பம்ப். உறையும்போது மேல் கிளைகள்ல கட்டைக்குள்ள இருக்கற காத்து சுருங்கி, ஐஸ் படிஞ்சு, கீழ வேர்ல இருந்து தண்ணிய இழுத்துக்கும். பகல்ல உருகினதும் அந்த காத்து திரும்ப விரிஞ்சு உள்ள அழுத்தம் ஏறும், அப்போ ஒரு துளை இருந்தா அது வழியா சாறு வெளிய வந்துடும். சக்கரை எங்கிருந்து வருதுன்னா, போன கோடைல இலைங்க தயாரிச்சு மாவுச்சத்தா மரத்துக்குள்ள சேத்து வெச்சது குளிர்ல சக்கரையா மாறுது. ஆக ஒவ்வொரு ஸ்பூன் சிரப்பும் போன வருஷத்து வெயில்தான்.

கனடாவோட ஒன்டாரியோ, கியூபெக், அமெரிக்காவோட வெர்மான்ட் பக்கம் பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் முதல் பாதி வரைக்குள்ள இந்த சீசன் வரும், ஒரு இடத்துல மொத்தமே நாலஞ்சு வாரம், அதுலயும் நல்லா ஓடற நாள் பத்து பன்னெண்டு இருந்தா அதிகம். நல்ல குளிர்காலம் இல்லாத ஊர்ல மேப்பிள் நட்டா சிரப் வருமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. மரம் வளரலாம், சாறு ஓடாது. பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 1791ல வர்ஜீனியால இருந்த தன்னோட மான்டிசெல்லோ தோட்டத்துல சுகர் மேப்பிள் கன்னுங்கள வரவழைச்சு நட்டுப் பாத்தாரு, அடிமைங்க உழைப்புல வர்ற கரும்புச் சக்கரைக்கு மாத்தா இது வரும்னு அந்தக் காலத்துல ஒரு பெரிய நம்பிக்கை இருந்துச்சு, ஆனா அவரோட தோப்பு தழைக்கல.

துளை, குழாய், வாளி

வேணுங்கறது ஒரு ட்ரில், 8 மி.மீ. பிட் (கடைல 5/16 இன்ச்னு இருக்கும்), ஸ்பைல்னு சொல்ற சின்ன குழாய், மூடி போட்ட வாளி, ஒரு சின்ன சுத்தியல். பிட்டும் ஸ்பைலும் சுத்தமா கொதிநீர்ல கழுவினதா இருக்கணும், கிருமி உள்ள போனா துளை சீக்கிரம் அடைச்சிக்கும். பழைய காலத்து துத்தநாக வாளி அழகா இருக்குன்னு பழைய சாமான் கடைல வாங்கிடாதீங்க, அதுல ஈயம் வெச்சு பத்த வெச்சிருப்பாங்க. ஸ்டீல் வாளி இல்ல உணவுக்குன்னு செஞ்ச பிளாஸ்டிக் வாளி மட்டும்தான்.

இடுப்பு உயரத்துல, லேசா மேல்நோக்கி சாய்ச்சு, 4ல இருந்து 5 செ.மீ. ஆழம் போடுங்க. சாய்வு எதுக்குன்னா சாறு தானா வெளிய வழியணும். பிட்டோட சேந்து வர்ற மரத்தூள பாருங்க, கிரீம் கலர்ல ஈரமா இருந்தா உயிருள்ள கட்டை, பழுப்பா வந்தா செத்த கட்டை, அங்க சாறு வராது, வேற இடம் பாக்கணும். பழைய துளை தெரிஞ்சா அதுல இருந்து பக்கவாட்டுல 15 செ.மீ. யாவது தள்ளி, உயரத்தையும் மாத்தி போடுங்க, பழைய துளைக்கு நேர் மேலயும் கீழயும் கட்டை செத்திருக்கும். ஸ்பைல மெதுவா தட்டுங்க, டக் டக்குன்னு வர்ற சத்தம் ஒரு கட்டத்துல கனமா மாறும், அங்க நிறுத்திடணும். அதுக்கு மேல அடிச்சா கட்டை பிளந்துடும், சாறு பக்கவாட்டுல கசியும்.

நல்ல நாளா இருந்தா ட்ரில்ல உருவின உடனே துளையோட உதட்டுல ஒரு துளி திரண்டு நிக்கும், வெயில் பட்டு கண்ணாடி மாதிரி மின்னும், அப்புறம் காலி வாளில டொக்குனு ஒரு சத்தம், ரெண்டு செகண்டுல இன்னொண்ணு. சுத்தி பனி, தோப்பு முழுக்க அந்த சத்தம் மட்டும். வாய்ல வெச்சா வெறும் தண்ணிதான், கடைசில நாக்கு ஓரத்துல லேசா ஒரு இனிப்பு. ஒரு துளைக்கு ஒரு சீசன்ல சுமாரா 40 லிட்டர் சாறு, அதாவது 1 லிட்டர் சிரப், அவ்ளோதான் எதிர்பாக்கலாம்.

பெரிய தோப்புகள்ல வாளி கிடையாது, மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் ட்யூப் இழுத்து, வேக்கம் பம்ப் வெச்சு உறிஞ்சி, ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் மெஷின்ல பாதிக்கு மேல தண்ணிய முன்னாடியே பிரிச்சுட்டு அப்புறம்தான் அடுப்புக்கு போகும்.

சாற பால் மாதிரி நினைச்சுக்கோங்க. தினமும் வாளிய காலி பண்ணணும், 4 டிகிரிக்கு கீழ வெக்கணும், முடிஞ்சா ரெண்டு மூணு நாள்ல, தள்ளிப் போனா ஒரு வாரத்துக்குள்ள காய்ச்சிடணும். காலைல வாளி மேல ஐஸ் கட்டியிருந்தா அத எடுத்து போட்டுடுங்க, ஐஸ்ல பெரும்பாலும் தண்ணிதான், சக்கரை கீழ இருக்கற சாறுல தங்கிடும், விறகு மிச்சம்.

காய்ச்சறது

எவ்ளோ சாறுக்கு எவ்ளோ சிரப்னு கணக்கு போட இங்க ஒரு பழைய சூத்திரம் இருக்கு, 86ங்கற எண்ண சாறோட சக்கரை சதவீதத்தால வகுக்கணும். 2 சதவீதம்னா 43 லிட்டர், 3 சதவீதம்னா 29 லிட்டர் கிட்ட, 1.5ன்னா 57. ரெட் மேப்பிள் ஏன் விறகு தின்னுதுன்னு இப்ப தெரியுதா.

வீட்டுக்குள்ள காய்ச்சாதீங்க, இத கெஞ்சிக் கேக்கறேன். 1 லிட்டர் சிரப்புக்கு நாப்பது லிட்டர் கிட்ட ஆவி, அது சமையலறை சுவர்லயும் சீலிங்லயும்தான் போய் உக்காரும், வால்பேப்பர் உரிஞ்சு வந்தவங்க உண்டு. வெளிய, செங்கல் அடுக்கி விறகு அடுப்பு இல்லன்னா கேஸ் பர்னர். பாத்திரம் ஆழமா இருக்கறத விட அகலமா இருக்கணும், ஆவி மேல்பரப்புல இருந்துதான் போகுது. ஒரு சதுர அடி பரப்புக்கு மணிக்கு நாலு லிட்டர் கிட்ட வத்தும்னு வெச்சுக்கலாம், நல்ல தீ இருந்தா. அடுப்ப மூட்டிட்டு சாற கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டே இருங்க, பாத்திரத்துல எப்பவும் ரெண்டு மூணு விரக்கடை ஆழமாவது நிக்கணும். மொத்தமா குளிர்ந்த சாற கொட்டினா கொதி அடங்கிடும், அதனால பக்கத்துல ஒரு சட்டில சூடு பண்ணி வெச்சு ஊத்தறது நல்லது. பொங்கி வந்தா ஒரு துளி வெண்ணெய், இல்ல கிரீம், நுரை அப்படியே படுத்துடும்.

நிறம் லேசா பொன்னா மாறி, கொதி சின்ன சின்ன குமிழா ஆனதும் சின்ன பாத்திரத்துக்கு மாத்தி, தீய நாம சொன்னபடி கேக்கற அடுப்புக்கு வந்துடணும். இங்கதான் எல்லாம் கெட்டுப்போகும். எனக்கு மூணாவது வருஷம், 120 லிட்டர் சாறு, ரெண்டு நாள் வேலை, கடைசி கட்டத்துல போன் வந்துச்சுன்னு திரும்பினேன், மூணு நிமிஷம் கூட இருக்காது, பாகு பொங்கி, வத்தி, அடிபிடிச்சு, கறுத்துப்போச்சு. கருகின வாசனைய எத வெச்சும் எடுக்க முடியாது, எல்லாத்தையும் கொட்டினோம், மனசு ரொம்ப வலிச்சுது. ரெண்டு நாளா மெதுவா மாறினது கடைசி பத்து நிமிஷத்துல ஓடும், அந்த பத்து நிமிஷம் பாத்திரத்த விட்டு நகராதீங்க.

பதம் எப்படி தெரியும்? தண்ணி கொதிக்கற சூட்ட விட 4 டிகிரி கூட, அதாவது சாதாரணமா 104 டிகிரி செல்சியஸ். ஆனா தண்ணி எல்லா நாளும் எல்லா ஊர்லயும் சரியா 100ல கொதிக்காது, உயரத்துக்கும் காத்தழுத்தத்துக்கும் ஏத்த மாதிரி மாறும், அதனால அன்னைக்கு காலைல அதே தெர்மாமீட்டர்ல வெறும் தண்ணிய கொதிக்க வெச்சு பாத்து, வர்ற எண்ணோட 4 கூட்டிக்கோங்க. கரண்டில எடுத்து சாய்ச்சுப் பாக்கறது இன்னொரு வழி. ஆரம்பத்துல துளித் துளியா தண்ணி மாதிரி விழும், அப்புறம் துளிங்க சோம்பேறியா தயங்கும், பதம் வந்ததும் கரண்டி ஓரத்துல ரெண்டு மூணு துளி ஒண்ணா சேந்து ஒரு சின்ன திரை மாதிரி தொங்கி அப்படியே வெட்டிக்கிட்டு விழும். நம்ம பாகுக்கு பாக்கற கம்பிப் பதம் இல்ல இது, அதுக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்தணும். துல்லியம் வேணும்னா ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கற மிதவைக் கருவி) வாங்கிக்கோங்க, சக்கரை அடர்த்தி 66 பிரிக்ஸ், அதாவது எடைல 66 சதவீதம் சக்கரை வரணும். அதுக்கு கம்மியா இருந்தா புளிக்கும், பூசணம் பிடிக்கும், 69 தாண்டினா பாட்டில் அடில கல்கண்டு மாதிரி கட்டிக்கும்.

வடிகட்டி அடைக்கறது

கொதிச்ச சிரப்ல மணல் மாதிரி ஒரு கசடு இருக்கும், இங்க சுகர் சாண்டுன்னு சொல்வாங்க, சாறுல இருக்கற கால்சியம் உப்பு அடர்த்தி ஏறினதும் படியறது. கெடுதல் இல்ல, ஆனா நாக்குல நறநறன்னு இருக்கும், கலங்கலாவும் தெரியும். சூடா இருக்கும்போதே கம்பளி இல்ல ஃபெல்ட் ஃபில்டர்ல வடிகட்டுங்க, மெல்லிசு துணில நிக்காது. ஃபில்டர முதல்ல கொதிநீர்ல நனைச்சு பிழிஞ்சுக்கோங்க, இல்லன்னா சிரப்ப அதுவே குடிச்சிடும். 82, 85 டிகிரி சூட்டுல சுத்தமான பாட்டில்ல கழுத்து வரைக்கும் ஊத்தி, மூடிய இறுக்கி, ஒரு நிமிஷம் படுக்க வெச்சு எடுங்க, மூடியும் சூடு பட்டு சுத்தமாகும். திறக்காத பாட்டில் இருட்டான அலமாரில இருக்கட்டும். திறந்தது கண்டிப்பா ஃப்ரிட்ஜ்ல. ஃப்ரீசர்லயும் வெக்கலாம், கட்டியா உறையாது.

மரத்துல மொட்டு வீங்க ஆரம்பிச்சா நிறுத்திடணும், அதுக்கப்புறம் வர்ற சாறுல காய்ச்சினா ஒரு மாதிரி மக்கின வாசனை வரும். ஸ்பைல உருவிட்டு துளைய அப்படியே விடுங்க, எதையும் வெச்சு அடைக்காதீங்க, மரம் தானா மூடிக்கும்.

கிரேடு

கிரேடுன்னா தரம்னு நினைச்சு ஏமாறவங்க ரொம்ப பேர். முன்னாடி அமெரிக்கால கிரேடு ஏ, கிரேடு பி ன்னு இருந்துச்சு, பி ன்னா மட்டம்னு ஒதுக்கிடுவாங்க, ஆனா சமையல் தெரிஞ்சவங்க பி தான் தேடித்தேடி வாங்குவாங்க. வெர்மான்ட் 2014ல மாத்திச்சு, 2015ல அமெரிக்கா முழுக்க மாறிச்சு, கனடாவும் அதே முறைக்கு வந்துடுச்சு. இப்போ கடைல சில்லறைல விக்கற நல்ல சிரப் எல்லாமே கிரேடு ஏ தான், அதுக்குள்ள நிறத்த வெச்சு நாலு வகை. வெளிச்சம் எவ்ளோ ஊடுருவுதுன்னு அளந்து பிரிக்கறாங்க: 75 சதவீதமும் அதுக்கு மேலயும் போனா கோல்டன், 50க்கு மேல ஆம்பர், 25க்கு மேல டார்க், அதுக்கும் கீழ வெரி டார்க்.

நாலுலயும் சக்கரை அளவு ஏறக்குறைய ஒண்ணுதான். நிறம் ஏன் மாறுதுன்னா காலம். சீசன் ஆரம்பத்துல குளிரா இருக்கும், சாறுல கிருமி கம்மி, சிரப் வெளுப்பா மென்மையா வரும். நாள் போகப் போக வெதுவெதுப்பு ஏறும், கிருமிங்க சாறுல இருக்கற சுக்ரோஸ குளுக்கோஸாவும் ஃப்ரக்டோஸாவும் உடைக்கும், அது காய்ச்சும்போது சீக்கிரம் பழுப்பாகும், சுவையும் கனமாகும். ஒரே மரம், ஒரே அடுப்பு, மார்ச் முதல் வாரம் கோல்டன், ஏப்ரல்ல டார்க்.

என் பழக்கம் சொல்றேன். கோல்டன் தயிர், ஐஸ்கிரீம் மேல, வேற வாசனை இல்லாத இடத்துல. பான்கேக், வாஃபிள், ஓட்ஸ்க்கு ஆம்பர். கேக், குக்கீ, காபி, வறுத்த பூசணி, கோழி இறைச்சில தடவறதுக்கெல்லாம் டார்க், சூட்டுலயும் அதோட சுவை நிக்கும். ஒரே பாட்டில்தான் வாங்க முடியும்னா டார்க் வாங்குங்க. வெரி டார்க் நேரா நக்கினா கொஞ்சம் கசப்பு எட்டிப் பாக்கும், சாஸ்லயும் பேக்கிங்லயும்தான் அது சரி.

சக்கரை நோய் இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: மாங்கனீசும் ரைபோஃப்ளேவினும் நல்லாவே இருக்கு, உண்மைதான், ஆனா எடைல மூணுல ரெண்டு பங்கு சக்கரை. இயற்கைன்னு சொல்லி தாராளமா ஊத்தாதீங்க.

நிஜமா, போலியா

பாட்டில் பின்னாடி பொருட்கள் பட்டியல்ல ஒரே பேர்தான் இருக்கணும், மேப்பிள் சிரப். பான்கேக் சிரப், டேபிள் சிரப், மேப்பிள் ஃப்ளேவர்ட் சிரப்னு இருந்தா பெரும்பாலும் கார்ன் சிரப், கேரமல் கலர், ஃப்ளேவர். கியூபெக்ல இந்த மாதிரி போலிய கம்பத்து சிரப்னு சொல்வாங்க, மரத்துல இல்ல, தந்திக் கம்பத்துல துளை போட்டு எடுத்ததுன்னு அர்த்தம்.

உலகத்து மேப்பிள் சிரப்ல சுமாரா 70 சதவீதம் கியூபெக்ல இருந்துதான் வருது, அமெரிக்கால வெர்மான்ட் முதலிடம். விளைச்சல் வானிலைய நம்பி இருக்கறதால கியூபெக் உற்பத்தியாளர் சங்கம் பீப்பா பீப்பாவா ஒரு கையிருப்பே வெச்சிருக்கு. 2011, 2012ல செயின்ட் லூயி டி பிளாண்ட்ஃபோர்டுங்கற ஊர் கிடங்குல இருந்து 3000 டன் கிட்ட திருடு போச்சு, மதிப்பு சுமார் 18 மில்லியன் கனடா டாலர், நிறைய பீப்பாய்கள்ல சிரப்புக்கு பதிலா தண்ணி ஊத்தி வெச்சிருந்தாங்க. 40 லிட்டர் வத்தி 1 லிட்டர் ஆகற பொருளோட மதிப்பு அப்படி.

மாத்துப் பொருள்

கிடைக்கல, இல்ல கட்டுப்படியாகலன்னா முதல்ல நான் சொல்றது இலங்கைல கித்துள்ங்கற பனை வகை மரத்துல இருந்து செய்யற கித்துள் பாணி. அதுவும் சாறு காய்ச்சினதுதான், ஓடற பதமும் நிறமும் டார்க் மேப்பிளுக்கு கிட்ட, லேசா புகை வாசனை கூட. கருப்பட்டிய கொஞ்சம் தண்ணில கரைச்சு வடிகட்டி பாகாக்கினாலும் பான்கேக்குக்கு அருமையா இருக்கும், சுவை வேறதான், ஆனா ஆழம் உண்டு. தேன் அதே அளவு போடலாம், ஆனா இனிப்பு கூட, ஓவன்ல சீக்கிரம் கருகும், ஒரு வயசுக்கு கீழ குழந்தைங்களுக்கு கூடவே கூடாது. பேரீச்சம்பழ சிரப் கெட்டியா பழ வாசனையோட இருக்கும், கேக்குக்கு சரி. கோல்டன் சிரப்ப (இது மேப்பிள் கிரேடு இல்ல, கரும்புச் சக்கரைப் பாகு) வெந்நீர் விட்டு தளர்த்திக்கணும். அகாவே சிரப் (கத்தாழை மாதிரி ஒரு செடியோட பாகு) இனிப்பு தருமே தவிர தனிச் சுவை ஒண்ணும் இருக்காது.

கேக்ல ஒரு கப் சக்கரைக்கு பதிலா மேப்பிள் போடணும்னா முக்கால் கப் போதும், மத்த திரவத்துல மூணு டேபிள்ஸ்பூன் குறைச்சுக்கோங்க, ஓவன 15 டிகிரி குறைச்சு வைங்க.

வாசனை கிட்ட வரணும்னா ரகசியம் நம்ம அஞ்சறைப்பெட்டிலயே இருக்கு, வெந்தயம். வெந்தயத்துல இருக்கற சோடோலோன்ங்கற பொருள்தான் மேப்பிள் வாசனை தர்றதுல ஒண்ணு, செயற்கை மேப்பிள் ஃப்ளேவர்ல வெந்தயச் சாறு சேக்கறதும் அதனாலதான். 2005ல இருந்து நியூயார்க் மன்ஹாட்டன்ல அப்பப்போ தெருவெல்லாம் மேப்பிள் சிரப் வாசனை அடிச்சு ஜனங்க பயந்து போன் பண்ணினாங்க, 2009ல கண்டுபிடிச்சாங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சில ஒரு ஆலைல வெந்தயத்த பதப்படுத்தியிருக்காங்க.

அரை டீஸ்பூன் வெந்தயத்த சின்ன தீயில வாசனை வர்ற வரைக்கும் மட்டும் வறுங்க, சிவந்துட்டா கசக்கும். ஒண்ணிரண்டா தட்டி அரை கப் கொதிநீர்ல பத்து நிமிஷம் மூடி வெச்சு வடிகட்டுங்க. அந்த தண்ணில ஒரு கப் பிரவுன் சுகர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு மூணு நாலு நிமிஷம் கொதிக்க விட்டு, இறக்கினதும் ஒரு சின்ன துண்டு வெண்ணெய், ரெண்டு துளி வெனிலா. சூடா இருக்கும்போது தண்ணியாத்தான் தெரியும், ஆறினா கெட்டியாகும், அதனால கூட காய்ச்சிடாதீங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சு ரெண்டு வாரத்துக்குள்ள தீத்துடுங்க.